டொராண்டோவிலிருந்து ஒரே கோடு

உங்கள் கைப்பேசியை நான் இன்னும் அணைக்கவில்லை. சார்ஜ் போட்டு டி.வி. பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இன்று தூசி துடைக்கும்போது விரல் பட்டு, ஊருக்கு ஊர் பயண நேரம் காட்டும் அந்த இணையப் பக்கம் திறந்துகொண்டது. டொராண்டோ ஒரு புள்ளி, சென்னை ஒரு புள்ளி, நடுவே வளைந்த ஒரே கோடு. கீழே, பயண நேரம் பதினாறு மணி.

சாயங்காலமானால் அதைத்தானே பார்ப்பீர்கள். நம் அஸ்தினாபுரத்து மொட்டைமாடியில் விமானச் சத்தம் கேட்டால் போதும், துணி எடுக்கும் என்னிடம், "பதினாறு மணி நேரம்தான். அவன் அங்க ஏறினா மறுநாள் நம்ம வீட்ல காபி குடிப்பான்" என்பீர்கள். "முதல்ல ஏறட்டும், அப்புறம் டிகாஷன் போடறேன்" என்பேன். அங்கிருந்து இங்கே நேர் விமானமே கிடையாது என்று நம் பிள்ளை சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை. அந்த இணையப் பக்கம் இரண்டு ஊருக்கும் நடுவே கோடு போடும், விமானம் விடாது.

பக்கத்து வீட்டுக்காரரை வெளிநாட்டு மகளுக்காக ஐஸ் பெட்டியில் நாள்கணக்கில் வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போய், ஜெனரேட்டர் வரத் தாமதமாகி, அந்த வாடை நம் சமையலறை வரை வந்தது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு, "என்னை இப்படிப் போட்டு வைக்காதே. மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். யாரு வந்தாலும் வராட்டாலும்" என்றீர்கள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டீர்கள்.

பிறகு ஒரு விடியற்காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. அன்று இரவு, விமானம் ஏறிவிட்டேன் என்று பிள்ளை சொன்னதும், உங்கள் தம்பி இந்தப் பதினாறு மணியைக் கூட்டிப் பார்த்து மறுநாள் மாலைக்குத் தகன மேடையில் நேரம் வாங்கினார். உங்கள் வாயால் அத்தனை முறை கேட்ட கணக்கு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் மாலை அவன் ஏதோ ஒரு நடுவழி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தான். "காலைல வந்துடுவேன் சித்தப்பா. வெச்சிருங்க" என்று அழுதான். தம்பி போனைக் கையில் பொத்திக்கொண்டு, "அண்ணி, நீங்க சொல்றதுதான்" என்றார். வாசலில் வண்டி நின்றது. பெட்டிக் கண்ணாடியில், உங்கள் முகத்துக்கு மேலே, நீர் கோத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, "எடுத்துடுங்க" என்றேன். கொள்ளியைத் தம்பி வைத்தார்.

காலையில் வந்தவன் முதுகுப் பையைக்கூடக் கழற்றவில்லை. பெட்டி இருந்த இடத்தில் எரிந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு ராத்திரிதானேம்மா" என்றான். உங்களுக்குச் செய்த சத்தியத்தைச் சொன்னேன். தலையாட்டினான். இப்போதும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். மாத்திரை போட்டாயா என்று கேட்கிறான். அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் பேச்சு வருவதில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம்தான். சத்தியம் வாங்கிக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். அவன் முகத்தைப் பார்த்தவள் நான்.

போன வாரம் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து என் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கரண்ட் போனாலும் சரி, வாடை வந்தாலும் சரி, தெருவே முகம் சுளித்தாலும் சரி, என்னை எடுக்கக் கூடாது. "அவன் எத்தனை விமானம் மாறி வந்தாலும் வரட்டும். நான் பெட்டியிலேயே இருக்கேன்."