ஜமுனா மேனாம்பேட்டில் இருக்கிறாள்

அம்பத்தூர்,
ஆகஸ்ட் 17, ஞாயிறு.

அன்புள்ள டாக்டர் நிவேதிதா மேடத்துக்கு,

நர்ஸ் நாகவல்லி எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். டொரண்டோவில் இப்போது வெயில் காலம் என்று என் மகன் பாபு சொன்னான். உங்கள் இருமல் விட்டதா?

நம் சுகாதார நிலையத்து பார்மசிஸ்ட் ரவிச்சந்திரன் சாரின் மகள் ரேஷ்மா படிப்புக்காக அங்கே வருகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயில் உப்பு அதிகம். ஒரு வேளைக்கு ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியில் அழுதுவிடுவேன், நீங்கள் பயந்துபோவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மேடம், ஜமுனா உயிரோடு இருக்கிறாள். குழந்தையும் நன்றாக இருக்கிறது. இதை இன்னொரு தரம் படித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் மேலே படியுங்கள்.

போன புதன்கிழமை மேனாம்பேடு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு விட்டமின் ஏ மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குழந்தை வாயைத் திறப்பேனா என்று நின்றது. "வாயத் தொறடி, சிஸ்டர் எவ்ளோ நேரமா நின்னுகினு கீறாங்க" என்று பின்னாலிருந்து அதன் அம்மா அதட்டினாள். இந்தப் பக்கத்துப் பெண் என்றுதான் நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "இன்னா சிஸ்டர், என்னைத் தெர்லயா? ஜமுனா. ஒடிசா ஜமுனா" என்றாள். மருந்துப் பாட்டிலை அங்கன்வாடி டீச்சரிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு முறைகூடப் பேசியதில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளி மாநிலத் தொழிலாளர்களின் உடல்நிலை பற்றி நீங்கள் ஆய்வு செய்துகொண்டிருந்த சமயம். மற்ற நாட்களில் அவர்கள் கம்பெனியில் இருப்பார்கள் என்று ஞாயிறுதோறும் பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய லைன் வீடுகளுக்கு வருவீர்கள். நோய் வந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களைப் பார்க்க ஆள் இருக்கிறது, வருவதற்கு முன்னால் நாம் போய்ப் பார்ப்போம் என்பீர்கள். நானும் உங்களோடு வருவேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஷீட் போட்ட ஒரு அறையில் ஒன்பது பேர். அதில் ஜமுனாவுக்கு ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பிரஷர் நூற்று ஐம்பதுக்கு நூறு. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தோம், அதேதான்.

இப்போதே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்விடலாம் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். "நாளைக்குக் காலைல கூட்டினு போயிடலாம் மேடம்" என்று சொன்னது நான். அன்று மாலை ஐந்து மணிக்கு என் மகள் ஷர்மிளாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. நீங்கள் வாட்சைப் பார்த்தீர்கள், என் முகத்தைப் பார்த்தீர்கள், சரி என்றீர்கள். ஆஸ்பத்திரி பெயரைத் தமிழில் எழுதி, தமிழ் தெரியாத அந்தப் பெண்ணின் கையில் சீட்டைக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனால் அறை பூட்டிக் கிடந்தது. இங்கே வேலை முடிந்தது என்று கான்ட்ராக்டர் காலை ஏழு மணிக்கே எல்லோரையும் வேனில் ஏற்றிப் போயிருந்தார். எங்கே என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. கான்ட்ராக்டர் போனையும் எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரியில் ஒடிசாக் கர்ப்பிணி ஒருத்தி வலிப்பு வந்து இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. பெயரைக்கூட யாரும் சரியாகச் சொல்லவில்லை. ஜமுனாதான் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படியே நினைத்தேன். அந்த வருடமே நீங்கள் கனடாவுக்குப் போய்விட்டீர்கள்.

அன்று பார்க்க வந்த மாப்பிள்ளையைத்தான் ஷர்மிளா கட்டிக்கொண்டாள். தங்கமானவர். ஆனால் அவர் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டிய கதவுதான் தெரியும். யாரிடம் சொல்வது?

போன வருடம் நீங்கள் பேசிய ஒரு கூட்டத்தின் வீடியோவைப் பாபு போட்டுக் காட்டினான். புதிதாகக் குடியேறியவர்கள் வரும்போது ஆரோக்கியமாக வருகிறார்கள், ஷிப்ட்டும் பாஷையும் பயமும் சேர்ந்து அவர்களை டாக்டரிடம் போகவிடாமல் செய்கின்றன என்று நீங்கள் சொன்னதை அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பெருமையாக இருந்தது. அப்புறம், "ஒரு கர்ப்பிணியை நான் நாளைக்கு வரச் சொன்னேன், மறுநாள் அவள் இல்லை" என்றீர்களாம். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அத்தனை பேர் முன்னால் 'நான்' என்று சொல்லிவிட்டீர்களே, மேடம்.

ஜமுனாவுக்கு நடந்தது இது. அவர்களை ஒரகடம் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். சீட்டு அவள் புருஷன் சனாதனின் சட்டைப் பையிலேயே துவைபட்டுப் போயிற்று. பதினோராம் நாள் காலை வேலையில் இருக்கும்போது தலை பிளக்கிறது, கண் மங்குகிறது. அப்போது உங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. அந்த ஞாயிறன்று பாஷை தெரியாமல் நீங்கள் கொரோனா மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தலையைப் பிடித்து, கண்ணைக் கசக்கி, வயிற்றைத் தொட்டு, உள்ளங்கையில் இரண்டு விரலை ஓடவிட்டுக் காட்டினீர்களே, அதை அவள் அங்கன்வாடி வாசலில் அப்படியே செய்து காட்டினாள். "ரூம்ல எல்லாம் சிரிச்சிகினு இருந்தாங்க சிஸ்டர். எனக்கும் சிரிப்புதான். ஆனா கண்ணு மங்குனதும் புரிஞ்சிச்சி. அந்த டாக்டரு ஓடச் சொல்லிச்சேன்னு ஓடிட்டேன்."

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னாராம். இவள் கேட்கவில்லை. சனாதனை இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அன்றைக்கே ஆபரேஷன். குழந்தை ஒரு கிலோ அறுநூறு கிராம். இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை நானே இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

குழந்தைக்கு உங்கள் பெயரை வைத்திருப்பாளோ என்று எனக்கு ஒரு ஆசை. இல்லை, லிப்சா என்று பெயர். உங்கள் பெயரே அவளுக்குத் தெரியாது!

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. வலிப்பில் போனவள் ஜமுனா இல்லையென்றால், அவள் வேறு யாரோ. எந்த ஊர்ப் பெண்ணோ, அவளை யாராவது தேடினார்களோ இல்லையோ. ஜமுனாவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டபோது இறந்துபோன அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றியபோது அவளுக்காகவும் கும்பிட்டேன்.

ஜமுனா பிரஷர் மாத்திரையை நிறுத்தி எட்டு மாதமாகிறது. உடம்பு நன்றாக இருக்கிறதாம், எதற்கு மாத்திரையாம். பார்த்தால் நூற்று நாற்பத்தெட்டு. நன்றாகத் திட்டினேன். மறுநாளே வந்து மாத்திரை வாங்கிப்போனாள். வெள்ளிக்கிழமை சனாதன் இப்போது இங்கே தான் வேலை செய்யும் லேத் பட்டறை ஆட்கள் பதினொரு பேரைக் கூட்டிவந்தான். அதில் மூன்று பேருக்குப் பிரஷர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நாலரை வருடத்துக்குப் பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, மேடம். முழங்கால் வலியே இரண்டு நாளாக ஞாபகம் வரவில்லை.

பொங்கலுக்குப் பேசியபோது, இப்போதெல்லாம் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, ஆராய்ச்சியும் கட்டுரையும்தான் என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை. நீங்கள் எழுதுவதைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும்தான். ஆனால் அந்த ஊரிலும் ஷிப்ட் முடிந்து, பாஷை தெரியாமல், வீங்கிய காலோடு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கண்ணைக் கசக்கிக் காட்ட உங்களைப் போல யாருக்கு வரும்?

என்மேல் கோபம் இருந்தால் இப்போதாவது திட்டிவிடுங்கள். இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து நாலு பேருக்குப் பிரஷர் பாருங்கள். எனக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டாம். "பார்த்தேன் சிஸ்டர்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள்.

என்றும் அன்புடன்,
நாகவல்லி