டப்பாவில் இருந்த நாகம்

தேவுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கணும், நான் இங்கே ஏதோ இருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் அண்ணி பக்கத்திலேயே நிற்கிறாள், எதற்குக் காதைக் கொடுக்கிறாளோ தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் முதுகுவலி தாங்காமல் ஏலாக்குறிச்சியில் நடந்த எலும்புப் பரிசோதனை முகாமுக்குப் போனேன். குதிகாலை ஒரு மிஷினில் வைத்துப் பார்த்து எலும்பு தேய்ந்திருக்கிறது, சுண்ணாம்புச் சத்து பத்தாது என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்ம அரியலூர்ப் பக்கம் தோண்டுகிற இடமெல்லாம் சுண்ணாம்புக் கல், குடத்துத் தண்ணீர் வைத்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, எனக்கு மட்டும் எப்படிக் குறையும், மாத்திரை தள்ளிவிடத்தான் மிஷினைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அங்கே நம்ம காத்தாயி மகள் வெற்றிச்செல்விதான் நர்ஸ். மாத்திரையை நீட்டி, இதுல துத்தநாகமும் இருக்கு அத்த, முழுங்குங்க என்றாள். நான் வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ஏன் என்று உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். போன வருஷம் அப்பா எலும்புக்கு என்று அங்கிருந்து ஊருக்கு வந்த லப்பைக்குடிக்காட்டு பாய் கையில் ஒரு மாத்திரை டப்பா கொடுத்தனுப்பினாயே, அதை மருந்துக்கடை தமிழழகனிடம் காட்டி என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல் என்றேன். செம்பு, மாங்கனீசு, துத்தநாகம் என்றான். நாகம் என்றதும் பாம்பு விஷம்தான் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்து டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பா கேட்டதற்கு, கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன் என்றேன். நீ வாரா வாரம் கேட்டபோதெல்லாம் சாப்பிடுகிறார் என்று பொய் சொன்னேன். பிறகுதான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து நாற்பது நாள் கிடந்து போனார்.

இதை அப்படியே வெற்றிச்செல்வியிடம் சொன்னேன், அவள் முதலில் சிரித்துவிட்டாள். ஐயோ அத்த, பாம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தகரத்துக்குப் பூசுவாங்கல்ல அதான், எள்ளுலயும் கொண்டக்கடலையிலயும் இருக்கு, துளியூண்டுதான் வேணும், ஆனா அந்தத் துளி இல்லன்னா எலும்பு நல்லா கட்டாது என்றாள். நான் அழுததைப் பார்த்துவிட்டு, மாமா விழுந்த விழுவுக்கு மாத்திர தின்னுருந்தாலும் ஒடிஞ்சிருக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளையும் என்னால் நம்ப முடியவில்லை.

எனக்குக் கொடுத்த மாத்திரையைத் தின்கிறேன், பயந்துகொண்டேதான் தின்கிறேன். பிள்ளைக்குக் கேழ்வரகும் எள்ளுருண்டையும் கொடு. குலசாமி உங்கள் மூன்று பேருக்கும் துணை நிற்கட்டும். இந்தக் காகிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அம்மா
அம்மாக்கண்ணு

அந்த டப்பாவை நான் அவர் கையிலேயே விட்டிருந்தால் உன் அப்பா இன்றைக்கு எழுந்து நடமாடிக்கொண்டிருப்பாரா, தேவு?