பூஜ்யம் என்று எழுதிய இடம்

ஜனவரி 9

என் அன்பு வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

பேப்பர் பார்த்திருப்பாய். விமான எஞ்சின் பழுதுபார்க்கும் அந்தப் பெரிய கம்பெனி, பதினோரு ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டை மட்டும் கையில் வைத்திருக்கிறது. ஒன்று என் ஊர், இன்னொன்று உன் ஊர். ஏழாயிரம் பேருக்கு வேலை. எங்கள் தொழில் துறை சார்பில் விண்ணப்பம் தயாரிப்பது நான். உன் ஊர் திட்ட அலுவலகத்தில் அதே வேலையைச் செய்வது யார் என்று விசாரித்தால், சின்ன வயதில் என் கணக்கு நோட்டு முழுக்க மீசை வரைந்து வைத்த ஆள்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அலுவலக மெயிலில் எழுதினால் நான்கு பேர் படிப்பார்கள். அதனால்தான் தபால். ஒரே நிபந்தனை, வெளியிடாத கணக்கு எதையும் நீயும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன். பீற்றிக்கொள்ளத் தடையில்லை.

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊரில் சதுர கிலோமீட்டருக்கு இருபத்தாறாயிரம் பேர். நெரிசல் என்று நீ மூக்கைச் சுளிப்பாய். அதுதான் எங்கள் சொத்து. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பி வாங்கினால், அடுத்த சந்தில் அதை ஸ்பிரிங்காகச் சுற்றி, அதற்கடுத்ததில் முலாம் பூசி, சாப்பாட்டு நேரத்துக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். போன வாரம் ஒரு துணி ஆலையில் காலை பத்து மணிக்குப் பல்சக்கரம் உடைந்தது. மூன்று மணிக்கு ஆலை ஓடியது. உன் ஊரில் அந்நேரம் யாரிடம் கேட்பது என்று கூட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். விமான நிலையமும் எங்களுக்கு ஊருக்கு நடுவிலேயே. இறங்கின முக்கால் மணியில் வீட்டில் கை கழுவலாம்.

"இந்தத் தடவை அவளை விடமாட்டேன்" என்று உன் அண்ணியிடம் சொன்னேன். "பார்ப்போம்" என்றாள். அவள் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை.

ஜெயிக்கப்போகும்
உன் அண்ணன்

ஜனவரி 17

தோற்கப்போகும் அண்ணனுக்கு,

வாலுவின் அன்பு. நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்துக்காட்டி, விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் ஊரில் மூன்றாவது மாடியில் ஒருவர் கொட்டாவி விட்டால் எதிர்வீட்டுக்காரர் வாயை மூடச் சொல்கிறார். இதைச் சொத்து என்கிறாய். போன தடவை வந்தபோது, கொடியில் காயப்போட்ட துண்டை விமானம் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்று நான் உள்ளே எடுத்து வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒற்றை ஓடுபாதையை வைத்துக்கொண்டு என்ன பேச்சு.

இங்கே சதுர கிலோமீட்டருக்கு நாலாயிரம் பேர்தான். இரண்டு ஓடுபாதை. ஒன்றில் ஒரு விமானம் இறங்கும்போதே இன்னொன்றில் வேறொன்று கிளம்பிவிடும். அதையொட்டிக் கிழக்கே மூன்று சதுர கிலோமீட்டர் நிலம். மக்கள்தொகை பூஜ்யம். ஒரு ஆளை எழுப்ப வேண்டாம், ஒரு சுவரை இடிக்க வேண்டாம். வரைபடத்தில் அந்தக் கட்டம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருக்கிறது. எஞ்சின் விமானத்திலிருந்து இறங்கினால் பதினோராவது நிமிஷம் பட்டறை வாசலில் நிற்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள் செயின் அறுந்தால் இங்கே நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். இந்தக் கம்பெனி வந்தால் புதிய தொழிற்பேட்டைக்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். பதினான்கு வருஷமாக வேறொருவர் கையெழுத்துக்குக் கீழே குறிப்பு எழுதியிருக்கிறேன். இந்த விண்ணப்பத்தில்தான் முதல் தடவையாக என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. அதனால் தயவுசெய்து தோற்றுப்போ.

அண்ணி என் கட்சிதான். உனக்கு இன்னுமா தெரியவில்லை?

வாலு

பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு ஊர் விண்ணப்பங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துவிட்டார்கள். உன்னுடையதை இரண்டு தடவை படித்தேன். நல்ல எழுத்து. முதல் தடவை படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவையில்தான் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

63-ஆம் பக்கத்தில் கிழக்கு நிலத்தின் மக்கள்தொகை பூஜ்யம். 118-ஆம் பக்கத்தில் பஸ் பட்டியல். அதில் அதே நிலத்தை ஒட்டிய விமான நிலையக் கிழக்குச் சுவர் நிறுத்தத்தில் தினமும் காலையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் ஏறுகிறார்கள். இறங்குவது நாற்பது பேர். ஆளே இல்லாத இடத்திலிருந்து இத்தனை பேர் எப்படி வேலைக்குக் கிளம்புகிறார்கள்?

என் மேலதிகாரி இன்னும் இதைக் கவனிக்கவில்லை. 24-ஆம் தேதி கூட்டத்தில் இரண்டு ஊரும் ஒன்றையொன்று கேள்வி கேட்கலாம் என்பது உனக்குத் தெரியும். நான் இதைக் கேட்டாக வேண்டும். சபையில் முதல் தடவையாக நீ இதைக் கேட்கும்படி ஆகக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்

பிப்ரவரி 10

அண்ணா,

வந்தது கடிதமா, நோட்டீஸா?

நில ஆவணத்தில் அது விமான நிலையத்தின் காலி மனை. மக்கள் கணக்கெடுப்பிலும் பூஜ்யம்தான். நான் உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து எழுதவில்லை. கட்டட வேலைக்காரர்கள் நான்கு கொட்டகை போட்டிருப்பார்கள். வேலை முடிந்தால் போய்விடுவார்கள்.

கேரம் ஆடும்போது நான் கடைசிக் காயைக் குறி பார்க்கிற நேரத்தில்தான் உனக்கு விதிமுறை ஞாபகம் வரும். இன்னும் நீ மாறவில்லை. கேட்பதைக் கேள். பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
திட்ட அலுவலர்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணா,

பதவியைப் போட்டுக் கையெழுத்திட்டதற்கு மன்னித்துக்கொள். அன்று அவ்வளவு கோபம்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, உன் கடிதத்தை அவரிடம் காட்டி, இது நியாயமா என்று கேட்டேன். விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட்டைப் பழுதுபார்க்கிறவர் அல்லவா, படித்துவிட்டு அமைதியாகச் சொன்னார். "கிழக்குச் சுவர்ப் பக்கமா? எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் அங்கேயிருந்துதானே வர்றாங்க. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

பதினான்கு வருஷமாக இந்த ஊரை அளந்துகொண்டிருக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். சுவரைத் தாண்டி ஒரு திருப்பம். அதற்குள் நுழைந்தால் தெரு. கொட்டகை இல்லை அண்ணா. செங்கல் வீடுகள், பச்சைப் பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பிகள், முடிதிருத்தும் கடை, அதற்கு வெளியே ஒரு பெஞ்சு. இரண்டாவது ஓடுபாதை போடுவதற்காகக் கூட்டிவரப்பட்டவர்கள். போட்டு முடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதே விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறார்கள், தரை துடைக்கிறார்கள். விமானத்தில் போர்த்திக்கொள்ளக் கொடுக்கிற கம்பளிகளைத் துவைக்கும் ஒரு அம்மா, என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கித் தன் வீட்டைத் தேடினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வெள்ளையா இருக்கே. நாங்க எங்கேம்மா?"



அலுவலகத்திலிருந்து இரண்டு பேரையும் இவரையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். 2,314 வீடுகள். 9,640 பேர். அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில். கணக்குப் போட்டால் சதுர கிலோமீட்டருக்குப் பதினாறாயிரம் வருகிறது. உன் ஊரில் ஒரு துண்டைப் பிய்த்து என் ஊர்ச் சுவரோரம் ஒட்டிவைத்த மாதிரி.

மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். நல்ல வேலை என்று பாராட்டிவிட்டு, கம்பெனி முடிவு சொன்ன பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். "என் கையெழுத்துக்கு மேல இந்தப் பூஜ்யம் இருக்கக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

24-ஆம் தேதி நானே எழுந்து சொல்லப்போகிறேன். ஒரே ஒரு உதவி செய். எனக்கு முன்னால் கேட்டுவிடாதே. நீ கேட்டதனால் நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

தோற்றுவிடுவேன் என்று தெரியும். இருந்தாலும் இத்தனை வருஷத்தில் நான் போட்ட கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாலு

மார்ச் 2

அன்புள்ள வாலுவுக்கு,

"63-ஆம் பக்கம் தவறு. அதை எழுதியது நான்" என்று நீ சபையில் எழுந்து சொன்னாய். நான் என் கேள்வித் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கம்பெனியின் கடிதம் இன்று வந்தது. எங்கள் ஊர்தான். அலுவலகத்தில் எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்கு என்னவோ ஒட்டவில்லை. அன்று நீ ஒரு வார்த்தை பேசாமல் ரயிலுக்குப் போய்விட்டாய். உன் வேலை என்ன ஆயிற்று? எழுது.

உன் அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

வாழ்த்துகள். ஒப்புக்குச் சொல்லவில்லை.

தொழிற்பேட்டைப் பதவி போய்விட்டது. வார்டு அளவைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். கிழக்குச் சுவர்ப் பகுதிக்கு வார்டு எண் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய்க்கு இப்போது தெருத்தெருவாக அளந்துகொண்டிருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

ஆனால் ஒன்று பாக்கியிருக்கிறது. உங்கள் விண்ணப்பம், 41-ஆம் பக்கம். 'ஓடுபாதையை அறுநூறு மீட்டர் நீட்டிக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். நீட்டிக்காவிட்டால் அந்தப் பெரிய சரக்கு விமானங்கள் அங்கே இறங்க முடியாது. உன் ஊர் வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தேன். ஓடுபாதை முனையிலிருந்து அறுநூறு மீட்டருக்குள் இரண்டு தெரு இருக்கிறது.

கூட்டத்தில் நான் கேட்டிருக்கலாம். கேள்வியும் எழுதி வைத்திருந்தேன். என் தவறை நான் சொன்ன மாதிரி உன்னுடையதை நீயே சொல்லுவாய் என்று காத்திருந்தேன். கூட்டம் முடிகிறவரை உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. நீ எழுந்திருக்கவில்லை.

அந்த இரண்டு தெருக்காரர்களுக்கு இது தெரியுமா?

வாலு

மார்ச் 26

அன்புள்ள வாலுவுக்கு,

எழுதும்போதே எனக்குத் தெரியும். 'நீட்டிக்கலாம்' என்பது பொய் இல்லை. இரண்டு தெருவை எடுத்தால் நீட்டிக்கலாம். அந்தப் பின்பாதியை நான் எழுதவில்லை. உன் பூஜ்யம் தெரியாமல் வந்தது. என்னுடையது தெரிந்தே விட்டது.

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "எப்போ போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே போனேன். முந்நூற்று நாற்பது வீடுகள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, 41-ஆம் பக்கத்தில் இருப்பதையும் இல்லாததையும் சொன்னேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக்குச் சட்டம் போடுகிற ஒரு அம்மா வேலையை நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அளந்துட்டுப் போனவங்க நிறையப் பேர். எதுக்குன்னு சொல்லிட்டுப் போறது நீங்க ஒருத்தர்தான்."

பிறகு கம்பெனிக்கு, என் கையெழுத்தோடு, உண்மையை எழுதிக் கொடுத்தேன். தங்கைக்காகச் செய்தேனா என்று மேலதிகாரி கேட்டார். இல்லை, எனக்காக என்றேன். அவர் என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது.

கம்பெனி தன் முடிவை நிறுத்திவைத்துவிட்டது. யாரையும் வீட்டை விட்டு எழுப்பாத இடமாகக் காட்டி ஜூன் மாதத்துக்குள் புதிதாக எழுதச் சொல்லி இரண்டு ஊருக்கும் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் பக்கம் எழுதப்போவது நான் இல்லை, என்னை எடுத்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்துக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்தால் உன்னிடம் கொடுக்கும். உன் ஓடுபாதைக்கு மேற்கே இடம் இருக்கிறது, வீடு வீடாகப் போய் எண்ணவும் உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் பிறந்த சக்கரமும் ஸ்பிரிங்கும் உங்கள் பட்டறைக்கு வரத்தான் போகின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று கூட்டத்தில் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் கடைசிவரை மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நானும் அண்ணியும் சனிக்கிழமை பதினோரு மணி விமானத்தில் வருகிறோம். வாசலுக்கு வந்து நில். இந்தத் தடவை உன் முகத்தைப் பார்ப்பேன்.

உன் அண்ணன்