செருப்போடு படகேறக் கூடாது

பனித்திட்டு,
வியாழன்

அன்பு மகள் ஜெயசுதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், மாலத்தீவில் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த உன் ஓட்டலில் நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறேன், அதனால்தான் இதை எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பும்படி உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நம் முகத்துவாரத்து மணல்திட்டைப் பார்க்கச் சுற்றுலா ஆபீஸர்கள் மூன்று பேர் வந்தார்கள். இங்கே இருக்கிற நாலு திட்டில் ஒன்றுக்குத்தான் படகு விட அனுமதி என்று உனக்கே தெரியும். மற்ற மூன்றிலும் ஊஞ்சல், கலர் குடை, போட்டோ எடுக்க இறக்கை வரைந்த பலகை என்று கல்யாண வீடு மாதிரி ஜோடித்திருந்தார்களாம், எங்கள் மகளிர் குழுவிடம் இருந்தது உன் அப்பாவின் படகும் ஒரு சட்டி மீன் குழம்பும்தான். வருகிறவர்களை எதற்கும் தடுக்காதே, முகம் கோணாமல் நடந்துகொள், அங்கே தீவுக்குத் தீவு போட்டியே அதில்தான் என்று நீ பத்து தடவை சொல்லியிருந்தாய். எல்லாம் மனப்பாடமாகத்தான் இருந்தது. பெரிய ஆபீஸரம்மா ஷூ காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போனதும் உன் அப்பாவுக்கு அத்தனையும் மறந்துவிட்டது. "செருப்பு போட்டுக்கினு யாரும் ஏறக் கூடாதும்மா, எங்களுக்குச் சோறு போடற படகு இது" என்று குறுக்கே நின்றுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அனுமதி போச்சு, நீ ஊரோடு வந்து இருப்பதும் போச்சு என்று நினைத்தேன்.

அந்தம்மா குனிந்து ஷூவைக் கழற்றிக் கரையில் வைத்தார், மற்ற இருவரும் கழற்றினார்கள். திட்டில் இறங்கினால் உச்சி வெயில், மணல் கொதிக்கிறது. மூன்று பேரும் ஐயோ அப்பா என்று குதித்துக் குதித்து ஓடி, உடுத்திய துணியோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தம்மா வழுக்கை ஆபீஸர் மேல் தண்ணீரை வாரி இறைக்க, அவர் திருப்பி இறைக்க, பைலெல்லாம் நனைந்து, சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. குழம்பையும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சாப்பிட்டார்கள். சின்ன வயதுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வெறுங்காலோடு ஓடினேன் என்றார் அந்தம்மா. இன்று காலை போன் வந்துவிட்டது, அனுமதி நமக்குத்தான். உன் அப்பா எல்லாம் முன்னாடியே யோசித்துச் செய்தது போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அனுமதி கிடைத்தால் வேலையை விட்டு வந்து நானே நடத்துகிறேன் என்றாயே, அதை மறந்துவிடாதே கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு, ஏசியிலேயே கிடக்காதே. கெங்கையம்மன் உனக்குத் துணையாக இருப்பாள். நேற்று ஆபீஸர்கள் கழற்றி வைத்த அதே இடத்தில் உன் செருப்பைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, சீக்கிரம் வா.

இப்படிக்கு,
சிரிப்பு இன்னும் அடங்காத உன் அம்மா,
அமுதம்