பஜ்ஜிக் கடைக்குப் போன உங்கள் வங்காளி நோட்டு

ஏனுங்க, பதினோரு பாஷையில் சோறு கேட்கத் தெரிந்த என் வீட்டுக்காரரே,

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருஷம். உங்கள் தம்பி சேலத்திலிருந்து வந்து, உங்கள் போட்டோவைப் பேப்பரில் போட்டு நாலு வரி கண்ணீர் அஞ்சலி எழுதலாம் என்றார். கண்ணீர் வரவில்லை, வேண்டுமானால் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். ஊரே படிக்கட்டும். தமிழில்தான் எழுதுகிறேன், உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. ஏரிக்கரை லாட்ஜில் உங்கள் ரிசப்ஷன் நாற்காலியில் இப்போது ஆத்தூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. பம்பாய்க்காரர்களும் வெள்ளைக்காரர்களும் வந்து விரலைக் காட்டி ரூம் எடுக்கிறார்கள், வெந்நீர் வாங்கிக் குளிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே போகிறார்கள். நீங்கள் இல்லாமல் லாட்ஜ் ஒரு நாள்கூடத் திண்டாடவில்லை. இதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு தனி ருசி.

தலைச்சோலைக் கிராமத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்த மாசமே வீட்டுச் சாமானுக்கெல்லாம் சீட்டு ஒட்டினீர்கள். உப்பு டப்பாவில் தெலுங்கு, ஆட்டுக்கல்லில் ஜெர்மன். மாசம் பிறந்தால் பாஷை மாறும். மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு வந்த கரப்பான்கள்தான் அந்த வீட்டில் எல்லாப் பாஷையையும் முழுசாக ஜீரணித்தவை.

நான் தமிழில் கூப்பிட்டால் உங்களுக்குக் காது கேட்காது. "ஏனுங்க, சோறு ஆறுதுங்க" என்று கத்துவேன். "கன்னடத்துல கூப்பிடு புள்ள, வர்றேன்" என்பீர்கள். எட்டாவது படித்தவள் நான். எனக்கு அந்த வார்த்தை வருவதற்குள் சோறு நிஜமாகவே ஆறிவிடும்.

லாட்ஜில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடும் ரூம் வாசலில் டீத் தட்டோடு நிற்பீர்களே, நினைவிருக்கிறதா? சண்டையில்தான் பாஷை சுத்தமாக வரும் என்பீர்கள். உங்கள் அப்பாவின் சிதை எரியும்போது, துக்கத்துக்கு வந்த மார்வாடிக் கடைக்காரரிடம் சாம்பலுக்கு அவர் பாஷையில் என்ன பேர் என்று கேட்டவர் நீங்கள். மலை ஏறும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் புதுப் பாஷையில் எண்ண வேண்டும். நடுவில் தடுமாறினால் மறுநாள் லீவு போட்டு மறுபடி கீழே இறங்கி ஏறுவீர்கள்.

நோட்டு விஷயம் தனி. தேதி போடாமல் ஒரு எழுத்து எழுத மாட்டீர்கள். தமிழில் அர்த்தமும் எழுத மாட்டீர்கள், எழுதினால் பாஷை மனசில் தங்காதாம். அதனால் அலமாரி நிறைய நோட்டு இருந்தும் எனக்குப் படிக்கக் கிடைத்தது தேதி மட்டும்தான்.

சரி, இனி அந்த நாளுக்கு வருகிறேன். இத்தனை வருஷம் நீங்கள் வாயே திறக்காத நாள்.

எழுபத்தெட்டு மழைக்காலம். எனக்கு ஐந்தாம் மாசம். காலையில் லேசாக ரத்தம் பட்டது, இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி. பஸ் பிடித்து சேலத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அது வரைக்கும் நல்ல புருஷன்தான். அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வங்காளத்துக்காரர். தமிழ் வராது. நர்ஸ்தான் கேட்டுச் சொல்வார். டாக்டரம்மா எந்த ஊர் என்று தெரிந்ததும் உங்கள் முகம் மலர்ந்ததே, கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"நீங்க போங்க சிஸ்டர், நானே பேசிக்கறனுங்க" என்று நர்ஸை வெளியே அனுப்பினீர்கள்.

அப்போது உங்களுக்குத் தெரிந்த வங்காளி எல்லாம் லாட்ஜ் வங்காளி. ரூம், வெந்நீர், ஏரி, படகு, மீன். ரத்தத்துக்கும் வலிக்கும் உங்களுக்கு வார்த்தை தெரியாது. தெரியாது என்று ஒரு தடவை சொல்லி நர்ஸைக் கூப்பிட்டிருந்தால் போதும். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. தெரிந்ததைப் பேசினீர்கள். "மாச்" என்றால் மீன் என்று எனக்கே தெரியும், அந்த மாசம் நம் மீன் சட்டியில் ஒட்டிச் சொல்லவைத்த வார்த்தை அது. டாக்டரம்மா சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். என் நாடியைப் பிடித்துப் பார்த்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

"ஏனுங்க, ரத்தம் படறதச் சொன்னீங்களா?"

"எல்லாஞ் சொல்லிட்டேன், வா."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தீர்கள். வங்காளியில். பதினாலாவது வளைவில் நான் கத்தினேன். பஸ்ஸை நிறுத்தினார்கள். டிரைவர் தன் துண்டைக் கொடுத்தார். நம் பிள்ளை அந்தத் துண்டோடு போயிற்று.

அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. "தப்புப் பண்ணிட்டேன் புள்ள" என்று ஒரு வார்த்தை. தமிழில். பதினைந்து வருஷம் காத்திருந்தேன். நீங்கள் அதற்குள் பிரெஞ்சு படித்து முடித்தீர்கள்.

போன வருஷம் வாதம் வந்து விழுந்தீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பதினோரு பாஷையும் தமிழும் ஒரே காலையில் போய்விட்டன. என் முகத்தைப் பார்த்து "ஆகே தேகுன், ஆகே தேகுன்" என்பீர்கள். மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தண்ணீர் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"தமிழ்ல சொல்லுங்க, தர்றேன்."

ஒளிக்க மாட்டேன், உங்கள் உதடு வெடித்த பிறகுதான் கொடுத்தேன். ஒரு நாள் இல்லை, பத்தொன்பது நாளும் அப்படித்தான். உங்கள் கண்ணில் தண்ணீர் வழிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கன்னடத்துல கூப்பிடு என்றீர்களே, அது அப்போது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

காரியம் முடிந்த மறுநாளே நோட்டு அத்தனையையும் ஒண்டிக்கடை முக்கில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் கமலாவிடம் பஜ்ஜி மடிக்கச் சும்மா கொடுத்தேன். ஞாயிறுதோறும் அங்கே போய் மிளகாய் பஜ்ஜி தின்று, உங்கள் ஜெர்மனில் கை துடைத்துவிட்டு வருவேன். அந்த ஒரு வேளைக்காக ஆறு நாள் காத்திருப்பேன்.

போன ஞாயிறு ஒரு வங்காளிக் குடும்பம் வந்தது. அவர் சேலத்தில் வேலை பார்க்கிறார், கொஞ்சம் தமிழ் பேசினார். பஜ்ஜி மடித்த தாளைப் பார்த்துச் சிரித்தார். நோட்டுக்காரர் பெண்டாட்டி இவள்தான் என்று கமலா என்னைக் காட்டிக் கொடுத்தாள். அவர் வாசிக்க வாசிக்கச் சிரிப்பு நின்றது.

"அம்மா, இதுல ஒரே பேச்சு திரும்பத் திரும்ப எழுதிருக்கு. என் பெண்டாட்டி முதல்ல பாருங்க, ரத்தம் போகுது. அதுதான்."

"உங்க பாஷையில வாசிங்க சார்" என்றேன்.

"ஆமார் பௌகே ஆகே தேகுன், ரொக்தோ ஜாச்சே."

தாளை வாங்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கறைக்கு மேலே தேதி தெரிந்தது. ஆஸ்பத்திரி போய் வந்த மறுநாள். முன்பக்கமும் பின்பக்கமும் அதே வரி, இருபத்தாறு தடவை. அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள்.

எந்த ரூம்காரரிடம் கேட்டு அந்த வரியைத் தெரிந்துகொண்டீர்கள்? நான் உள்ளே துணியைச் சுருட்டிக்கொண்டு கிடந்தபோதா எழுதினீர்கள்? அது அழுகையா, இல்லை வீட்டுப்பாடமா? வாதம் வந்து எல்லாம் போன பிறகும் உங்கள் வாயில் தங்கியது அதுதான் என்றால், நான் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேனே, என்னை என்ன செய்ய?

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டிடம் இருபத்தாறு தடவை சொன்னதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். மற்ற நோட்டெல்லாம் பஜ்ஜிக் கடையிலேயே கிடக்கட்டும். அந்தத் தாளை மட்டும் எடுத்து வந்தேன், அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு சத்தியம் செய்கிறேன். உங்கள் பாஷையில் இப்போது எனக்கும் ஒரு வரி தெரியும். அங்கே வந்ததும் அதைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவேன். நீங்கள் தமிழில் பதில் சொல்ல வேண்டும், சொல்லும்வரை விட மாட்டேன். தண்ணீரை மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஏனுங்க என்று கூப்பிட்டே தொண்டை காய்ந்த
உங்க ஊட்டுக்காரி,
ராசம்மா