சாமி முன்னால் இருந்த சைலன்சர் குழாய்

அக்கா,

மருமகள் நேற்று திருப்பதியிலிருந்து ஒரு பித்தளை ஊதுபத்தித் தாங்கி வாங்கி வந்தாள். லட்சணமாகத்தான் இருக்கிறது. இன்று காலை கடை திறந்ததும், சாமி படத்துக்கு முன்னால் நிற்கும் ஓட்டை ஓட்டையான இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதை வைக்கப் போனாள். நான் வேண்டாம் என்றேன். "துருப்பிடிச்ச குழாய்க்கு இன்னா மாமா இவ்ளோ மரியாதை?" என்று கேட்டாள். ஊதுபத்திப் புகையோடு இஞ்சின் எண்ணெய் வாசமும் லேசாக வருகிறது. எனக்கு மட்டும்தான் அது வருகிறதாம். அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நீ இருந்தால் நடுவில் பத்து இடத்தில் திருத்துவாய்.

உன் வீட்டுக்காரர் தவறிய பிறகு, நகரித் தறியில் நெய்த புடவையையும் வேட்டியையும் நீயும் நானும் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்றோம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிள், அதன் பக்கத்தில் ஒரு சைடுகார். சைடுகாரில் துணிமூட்டை, மூட்டை மேல் நீ. ஆந்திரா பிரிந்திருந்த சமயம். எல்லைக்கோடு எங்கே விழும், நகரி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று டீக்கடை டீக்கடையாகச் சண்டை. உன்னைக் கேட்டால், "எந்த ராஜ்ஜியமா இருந்தா இன்னா, சனம் துணி கட்டாமலா இருக்கப் போவுது" என்று முடித்துவிடுவாய். உனக்கு வேண்டியிருந்தது வேறு. "சந்தைத் தூசி துன்னது போதும்டா. பூட்டு போடற மாதிரி ஒரு கடை வேணும்" என்று மூட்டை மேல் உட்கார்ந்தபடியே சொல்வாய்.

வழியும் வந்தது. திருமலையில் ஒரு சத்திரம். அதன் மேனேஜருக்கு வாரா வாரம் வேட்டியும் துண்டும் வேண்டும். மற்ற வியாபாரிகள் பஸ்ஸில் போட்டனுப்பிய மூட்டைகள் நனைந்தும் தாமதமாகவும் வந்ததில் மனுஷர் வெறுத்துப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் முதல் மூட்டை மலைமேல் வந்து இறங்கினால் ஆர்டர் நமக்கு, இல்லாவிட்டால் காஞ்சிபுரத்து வியாபாரிக்கு எழுதிவிடுவேன் என்றார். நிரந்தர ஆர்டர் ஒன்று கையில் இருந்தால் சித்தூரில் கடை பிடிக்கலாம் என்று நீ அப்போதே கணக்குப் போட்டுவிட்டாய்.

ஆனால் வண்டி மலை ஏறவேண்டுமே. சமதரையில் விரட்டினால் குதிரை மாதிரி ஓடும். மெதுவாகப் போனால் இழுவையே இருக்காது. திணறும், வெட்டி வெட்டி இழுக்கும், படக்கென்று நின்றுவிடும். ஆறு மாதமாக அதே வியாதி. பிளக் மாற்றினோம். உன் பழைய புடவைக் கிழிசலில் பெட்ரோலை வடிகட்டி ஊற்றினோம். புத்தூரில் ஒருவன் கார்புரேட்டர் ஊசியை ஏற்றி வைத்தான், இன்னொருவன் முன்பக்கப் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினான். நீ ஹாண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினாய். பல்சக்கரத்தால் கொஞ்சம் தேவலை, எலுமிச்சம்பழத்தால் அதுகூட இல்லை.

புதன்கிழமை மூட்டையோடு ஒத்திகை பார்க்கப் போனோம். இரண்டாவது வளைவிலேயே வண்டி படுத்துவிட்டது. இறக்கத்தில் உருட்டிக்கொண்டே அடிவாரத்துக்கு வந்து, திருப்பதியில் ஒரு தெலுங்கு மெக்கானிக்கிடம் விட்டோம். அந்த ஆள் ஒரு கருவியையும் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், சைலன்சருக்குப் பின்னால் கையைக் காட்டிப் பார்த்தார், குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு உன்னிடம், "லோபல பைப்பு ஏதம்மா?" என்றார். உள்ளே இருக்கவேண்டிய குழாய் எங்கே என்று கேட்கிறார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். ஆறு மாதத்துக்கு முன்னால் கடப்பாரையால் தட்டி அதை எடுத்தவன் நான்தான். சந்தைக்குத் தமுக்கு அடிக்க ஆள் வைப்பானேன், வண்டிச் சத்தமே ஊரைக் கூட்டும் என்று நினைத்தேன். கூட்டியது என்னவோ உண்மை. திருத்தணியில் மட்டும் எல்லைப் போராட்டக்காரர் ஊர்வலம் வருகிறது என்று பயந்து இரண்டு கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சத்தம் எப்படி வந்தது என்று நீ கேட்டபோது துரு தின்றுவிட்டது என்று புளுகியிருந்தேன். அதற்குப் பின் வண்டி திணற ஆரம்பித்தபோது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

தடுக்க ஒன்றும் இல்லாததால் புகை ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது, விரட்டும்போது குறை தெரியாது, இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதுதான் இழுவை செத்துப்போகும் என்று விளக்கினார் மெக்கானிக். வேறு குழாய் செய்ய நான்கு நாள் ஆகுமாம். நமக்கு இருந்தது ஒரே நாள்.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீயோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். "கொல்லையில இரும்புக் குழாய் ஒண்ணு கெடந்துச்சே, ஓட்டை ஓட்டையா? ஆறு மாசமா அதுலதாண்டா பெருமாளுக்கு ஊதுபத்தி சொருவிக்கினு இருக்கேன். வண்டி நல்லா ஓடணும்னு."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நகரிக்குப் போய், குழாயைச் சாம்பலோடு கொண்டுவந்தாய். மெக்கானிக் அதை மாட்டி, ஏற்றி வைத்த ஊசியைப் பழைய இடத்துக்கே இறக்கினார். ஏற்றத்தில் இஞ்சின் முனகினால் ஹாண்டில்பாரில் பொறி விழும் நேரத்தை மாற்றுகிற ஸ்பார்க் லிவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிடு, விரட்டாதே என்று எனக்குப் பாடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த இரண்டாவது வளைவை நீ மறந்திருக்க மாட்டாய். வண்டி நிற்கிற மாதிரி வந்துவிட்டது. இஞ்சின் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணலாம். என் கை விரட்டத் துடித்தது. "சும்மா இருடா, அது பாட்டுக்குப் போவும்" என்றாய். லிவரைப் பின்னால் இழுத்தேன். திணறவில்லை, வெட்டவில்லை. உழவு மாடு மாதிரி நிதானமாக இழுத்துக்கொண்டு வளைவைத் தாண்டியது. அதற்கப்புறம் மலைமுழுக்க அதே நடை.

கீழே சந்தையில் நம் வண்டிச் சத்தத்தைக் கேட்டிருந்த சத்திரத்து மேனேஜர், அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. வரமாட்டார்கள் என்று முடிவு செய்து காஞ்சிபுரத்துக்குக் கார்டு எழுத உட்கார்ந்துவிட்டார். பின்னால் போய் நின்று, "எழுதறது எழுதறீங்க, எங்களுக்கு அடுத்த வாரம் எத்தினி வேணும்னு எழுதிக் குடுங்க" என்றாய். மணி ஒன்பதே முக்கால்.

சித்தூரில் கடை பிடித்தோம். பூட்டை நீயே தேர்ந்தெடுத்தாய், உள்ளங்கை அகலத்தில். அதற்குள் எல்லையும் முடிவாகி, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. குழாயைக் கழற்றியவன் நான் என்று மட்டும் நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் துரு என்றே சொன்னாய். என் புளுகை என்னைவிட நன்றாகக் காப்பாற்றினாய்.

பிறகு வண்டியை விற்றோமே, அலுமினியப் பாத்திரம் விற்கும் ஒருவருக்கு? ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, சத்தம்தான் போதவில்லை, சந்தைக்காரனுக்குச் சத்தம் வேண்டாமா என்று குறைப்பட்டார். நான் என் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். நீ கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டு, குழாயைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு அவரிடம், "உங்க இஷ்டம்ணா. மேடு ஏறலைன்னா வாங்க, இது எங்க சாமிகிட்டதான் இருக்கும்" என்றாய்.

அவர் இன்னும் வரவில்லை அக்கா. சமதரையிலேயே வியாபாரம் பார்க்கிறார்போல. ஆனால் நீ வாக்குக் கொடுத்துவிட்டாய். என்றைக்காவது மேடு வந்து, அவர் படியேறிக் கேட்டால், ஊதுபத்தியைப் பிடுங்கிவிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் பித்தளைத் தாங்கி பெட்டியிலேயே இருக்கட்டும் என்று மருமகளிடம் சொல்லப் போகிறேன்.