காதுகுத்துக் காணிக்கையும் கானல் நாட்டு ஏரியும்

நலம் பெருகுக. பன்னிரு நாடுகளையும் அணைத்து, அணைத்த கையாலேயே அவற்றின் மடியையும் தடவிப் பார்க்கும் செம்பொன்னூர்ப் பேரரசின் பண்டாரநாயகர், குவலயதீபர், நிதிக்கடல் விக்கிரமபாகுவார் திருமுன்பு, கானல் நாட்டரசி வெண்ணிநங்கையார் எழுதுவித்த ஓலை. எஞ்சிய பட்டங்களையும் படித்ததாகவே கொள்க; ஓலை எங்கள் செலவு.

தங்கள் அரண்மனைக்கு மூன்றாம் கோபுரம் எழும்புவது கேட்டு அரசியார் மகிழ்ந்தார். இங்கே பேரேரியின் கரை சரிந்துவிட்டது. மழைக்கு முன் கட்டாவிடில் கீழூர்கள் நீரோடு போகும்.

வரியில் பாதி தலைநகருக்கு, பாதி நாட்டுக்கு என்பது முன்னோர் உடன்படிக்கை. அப்பங்கைக் கேட்டு வந்த எம் தூதருக்குத் தாங்கள் அருளிய மறுமொழி யாதெனில், பாதி உண்டு, வரிதான் இல்லை என்பது. உப்புவரி இனி இளவரசரின் காதுகுத்துக் காணிக்கையாம். மீன்வரி பட்டத்து யானைக் காணிக்கையாம். சுங்கம் கோபுரக் காணிக்கையாம். காணிக்கையைப் பங்கிடும் வழக்கம் எங்கும் இல்லையாம். மிஞ்சியது கழுதை வரி. அதில் பாதியென ஒரு மூட்டை வரகு தந்து, சுமந்து வந்த கழுதைக்கும் வரி வாங்கிக்கொண்டீர்கள்.

சரிந்த கரைமேல் நின்று அம்மறுமொழியைக் கேட்ட அரசியார் முதலில் சினந்தார். மீண்டும் படிக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். வரி கேட்டு வாங்குவது. காணிக்கையோ கொடுப்பவர் மனம். ஆகவே, விரும்புவோர் மட்டும் செலுத்தலாம் என்று ஊர்தோறும் பறையறைவித்தார்.

இதற்கெனக் கூடிய ஊர்ச்சபை நடுவே உப்பளத்துச் சாத்தியக்காள் எழுந்து, "இளவரசுக்குப் பேரப்பிள்ளையே வந்தாச்சு, தாயே! இன்னும் எத்தனை காது குத்துறாங்களாம்? எங்க உப்பு கரைக்குத்தான்!" என்றாள். சபை அதையே தீர்ப்பாக ஏற்றது.

எனவே அரசியார் ஆணை: உப்பும் மீனும் சுங்கமும் இன்றுமுதல் ஏரிக்கரைக்கே செல்லும். தங்கள் தண்டலாளர் எவரும் குடிகளின் வாசலில் நிற்கலாகாது. மண்வெட்டியோடு வரின் தடையில்லை. இவற்றை மீண்டும் வரி என அழைத்துத் தங்கள் ஓலை வந்த அன்றே, உடன்படிக்கைப்படி உங்கள் பாதி புறப்படும்.

இதுவரை விரும்பிச் செலுத்தியவர் ஒருவரே, அவரும் தாங்கள் அமர்த்திய சுங்கக் கணக்கர். அவர் தந்த பிடி உப்பு இத்துடன் வருகிறது. இளவரசர் காதில் சேர்ப்பிக்க.

அரக்கு வாங்க வைத்த பணமும் யானைக் காணிக்கையில் போய்விட்டபடியால், புதுக்கரை மண்ணால் இலச்சினை இட்டது.